பரிகாரப் பலகையை இறக்கிவிடுங்கள்

ரங்கூன் தமிழ்க் கோயில்களின் நிர்வாகக் குழுப் பெரியவர்களுக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை முடி வெட்டக்கூடாது. பூனை குறுக்கே போனால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பு. ஒன்பது பேராகப் பயணம் போனால் ஒரு கல்லையாவது வண்டியில் ஏற்றிப் பத்தாக்கு. நம் பாட்டிமார் சொன்னதும் பக்கத்து வீட்டுப் பர்மியர் சொன்னதும் நம் வீடுகளில் கலந்தேதான் கிடக்கின்றன. கல்லை ஏற்றிக்கொண்டு போகட்டும், யாருக்கு நஷ்டம்? இந்த மடல் அதைப் பற்றியதல்ல; கோயிலில் காசு வாங்கிச் செய்யும் தோஷப் பரிகாரத்தைப் பற்றியது.

2024 பிப்ரவரியில் பர்மாவின் ராணுவ ஆட்சியினர் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலாக்கினார்கள். ஆண்பிள்ளைகளுக்கு 18 முதல் 35 வயது. அதற்கப்புறம் கோயிலில் நடப்பதை நீங்களும் பார்க்கிறீர்கள். ஒரு அம்மா மகன் ஜாதகத்தோடு வந்திருந்தார். பர்மிய முறையில் பனையோலையில் கீறியது ஒன்று, நம் முறையில் நோட்டில் எழுதியது ஒன்று, இரண்டும் ஒரே பிளாஸ்டிக் பையில். பயா (புத்த கோயில்) வாசல் ஜோசியர் ஏற்கெனவே ஒரு பரிகாரம் சொல்லி அனுப்பியிருக்கிறார். இங்கே ராகு தோஷம் என்றார்கள். சுவரில் கட்டணப் பலகை: சாதாரணப் பரிகாரம், விசேஷப் பரிகாரம். நகையை விற்று வந்த பணத்தில் அந்த அம்மா விசேஷத்துக்கே கட்டினார். எந்தக் கோயில் என்று எழுத மாட்டேன்.

‘படிக்காத ஜனம், நம்பிவிடுகிறது’ என்று நம்மில் சிலர் சொல்வதை ஏற்க முடியவில்லை. ஆள்பவர்களும் இதற்கு விலக்கில்லை. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து, மாற்றிக்கொள்ள வழியும் தராமல், 45, 90 கியாட் நோட்டுகளை வெளியிட்டது அரசு. இரண்டும் ஒன்பதால் வகுபடும்; ஒன்பது அப்போது நாட்டை ஆண்ட நே வின்னுக்கு ராசியான எண் என்று நாடே பேசியது. சேமிப்பெல்லாம் ஒரே நாளில் காகிதமானதை உங்கள் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி, நியூ கினி அருகேயுள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் ஒன்றைக் கவனித்தார். கரையோரக் கழியில் மீன் பிடிக்கிறவர்கள் மந்திரம் எதுவும் செய்வதில்லை. அங்கே ஆபத்தும் இல்லை, மீனும் கிடைத்துவிடும். திறந்த கடலுக்குப் போகிறவர்கள்தான் சடங்கு செய்தார்கள். இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒரே தீவுக்காரர்கள். நம் கைக்குள் இல்லாத காரியம் வரும்போது எதையாவது செய்தாக வேண்டும் என்று மனசு தவிக்கிறது. பர்மாவை உலுக்கிய 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஏப்ரல் 21-ல் இன்னொன்று வரும் என்று ஒரு டிக்டாக் ஜோசியர் சொன்னார். நாள் குறித்து நிலநடுக்கத்தைச் சொல்ல எவராலும் முடியாது. ஆனாலும் ரங்கூனில் பலர் வீட்டை விட்டு வெளியே வந்து தங்கினார்கள். சொன்னபடி எதுவும் வரவில்லை, ஜோசியரைத்தான் போலீஸ் பிடித்துப் போனது.

நம் பரிகாரத்துக்கு அந்தச் சங்கடமும் கிடையாது. பையன் பெயர் ராணுவத்துக்கு எடுக்கும் பட்டியலில் வரவில்லையா, பரிகாரம் பலித்தது. வந்துவிட்டதா, தாமதமாகச் செய்தீர்கள், அல்லது சாதாரணத்தோடு நிறுத்திவிட்டீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டவர் யாரும் உண்டா?

அர்ச்சனை இருக்கட்டும், விளக்கு ஏற்றட்டும், அங்காளம்மனிடம் அழட்டும். அதற்குத்தானே கோயில். ‘சாதாரணப் பரிகாரம்’, ‘விசேஷப் பரிகாரம்’ என்ற இரண்டு வரிகளை மட்டும் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்படி வருகிற அம்மாவை உட்காரவைத்து, காசு வாங்காமல் மகன் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்து அனுப்புங்கள். வருமானம் குறையும், தெரியும். கும்பாபிஷேகத்துக்கு ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருகிறீர்களே, இதற்கும் வாருங்கள், தருகிறோம்.

இப்படிக்கு,
உபயதாரர்களில் ஒருவன்