பத்தடி உயரத்துக்குள் இருக்கிறது மவுண்ட் ரோடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்ணா சாலையின் பழைய கட்டடங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த படக்கட்டுரையைப் பார்த்தேன். நல்ல படங்கள். ஆனால் எல்லாப் படமும் முதல் மாடிக்கு மேலேதான் தொடங்குகிறது. கோபுரம், குவிமாடம், வளைவு சன்னல், அதோடு சரி. கீழே கடை வாசல் இருக்கும் பகுதியைப் புகைப்படக்காரர் வெட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே இப்போது படமெடுக்க என்ன இருக்கிறது? பளபளவென்று ஏ.சி.பி. என்னும் அலுமினிய ஷீட், அதன்மேல் எல்.இ.டி. எழுத்து. நடைபாதையிலிருந்து பத்தடி உயரம் வரைக்கும்தான் ஒரு கடைத்தெரு. அந்தப் பத்தடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் போர்டு எழுதிப் பிழைத்தவன். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு வாத்தியாரிடம் தொழில் கற்றேன். மவுண்ட் ரோட்டின் ரவுண்டாணா சந்திப்பில் அண்ணா சிலை வைத்த 1968இல் நான் அவருக்கு எடுபிடிப் பையன். பிரஷ் கழுவுவது, ஏணி பிடிப்பது, டீ வாங்கி வருவது எல்லாம் நான்தான். மறு வருஷம் அண்ணா மறைந்து, மவுண்ட் ரோட்டுக்கு அவர் பெயர் வந்தது. விலாசம் மாற்றி எழுதும் வேலை எங்களுக்குக் கொஞ்ச நாள் ஓடியது. அந்தக் காலத்தில் ‘அண்ணா சாலை’ என்று எழுதினால் ‘ணா’ ஒரே சுழியாகச் சுழித்துக்கொண்டு நிற்கும், ‘லை’க்கு யானைத் துதிக்கை இருக்கும். 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்து இரண்டும் மாறின. இப்போதும் ஒரு பழைய போர்டைப் பார்த்தால் அந்த ‘லை’யை வைத்தே அதன் வயதைச் சொல்லிவிடுவேன். சொல்வதற்குத்தான் போர்டு இல்லை.

எங்கள் வேலை கடை சாத்திய பிறகுதான் தொடங்கும். ஷட்டரை இறக்கிவிட்டு, சாரம் கட்டி, சுண்ணாம்பு தோய்த்த நூலை இழுத்துத் தட்டினால் நேர்க்கோடு விழும். அதற்குமேல் எழுத்து. “பஸ்ஸில போறவனுக்கு ஒரு எழுத்து, நடந்து போறவனுக்கு ஒரு எழுத்துடா” என்பார் வாத்தியார். மேலே கடையின் நெற்றியில் இருப்பது பஸ்காரனுக்கு. பெரிதாக, நிழல் வைத்து, தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். கண் மட்டத்தில் கண்ணாடியில் எழுதுவது நடப்பவனுக்கு. அவன் நின்று படிப்பான், ஆகவே அங்கே நுணுக்கம் வேண்டும். கெடிகாரக் கடை, மருந்துக் கடை, நகைக் கடை என்றால் தங்க இலை கேட்பார்கள். ஜெலட்டின் கரைத்த தண்ணீரைக் கண்ணாடியின் உட்புறம் பூசி, தங்க இலையை மூச்சு படாமல் ஒட்ட வேண்டும். காய்ந்ததும் எழுத்தை இடவலம் மாற்றி எழுதி, மிச்சத் தங்கத்தைப் பஞ்சால் துடைத்தெடுக்க வேண்டும். வெளியே நின்று பார்த்தால் எழுத்து கண்ணாடிக்குள் மிதப்பதுபோல் இருக்கும். இன்றைக்கு வைக்கும் போர்டு எல்லாம் காரில் போகிறவனுக்கு மட்டும். நடப்பவனுக்கு என்று ஒரு எழுத்தும் கிடையாது.

எல்லாமே போய்விட்டது என்று சொல்ல வரவில்லை. ஹிக்கின்பாதம்ஸ் வாசலில் போய் நின்று பாருங்கள். 1844இல் தொடங்கிய கடை, இப்போதைய கட்டடம் 1904இல் வந்தது. உள்ளே போகலாமா என்று யோசிக்கிறவனையும் அந்த முகப்பு உள்ளே இழுத்துவிடும். 1842இல் மிஸ்க்வித் என்ற பெயரில் ஆரம்பித்த மியூசி மியூசிக்கல் இன்னும் இதே சாலையில் வாத்தியங்கள் விற்கிறது. பி. ஆர் அண்ட் சன்ஸ் கெடிகாரக் கடையின் கட்டடம் கட்டடக் கலைஞர் சிஷோம் வரைந்தது, 1870களில் எழுந்தது. மெட்ரோ வேலைக்காக 2011இல் அதன் பின்பகுதியில் இடிப்பு நடந்து விஷயம் கோர்ட்டுக்குப் போனது உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். முன்பக்கம் தப்பியது.

எனக்கு மிகப் பிடித்த முகப்பு விக்டரி ஹவுஸ். முதலில் ஒயிட்டவே லெய்ட்லா என்ற வெள்ளைக்காரத் துணிக்கடை. அப்புறம் சுதேசமித்திரன் பத்திரிகை அங்கிருந்து வந்தது. அதற்கப்புறம் வி.ஜி.பி. வந்து, தவணை முறையில் ரேடியோவும் மின்விசிறியும் கொடுத்தது. துரைமார் சட்டை வாங்கிய இடத்தில் தமிழ்ச் செய்தி அச்சேறியது, பிறகு குமாஸ்தா வீட்டுக்கு ரேடியோ போனது. ஒரே வாசல்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. “வெள்ளைக்காரன் கடைக்கு எதுக்குய்யா இவ்வளவு அழுகை, நம்ம ஆளுங்களை உள்ளே விட்டானா?” என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்பென்சர் மாதிரி இடங்கள் யாருக்காகக் கட்டப்பட்டவை என்று எனக்கும் தெரியும். ஆனால் மவுண்ட் ரோடு அவர்களோடு முடியவில்லையே! 1913இல் வார்விக் மேஜர் என்ற வெள்ளைக்காரர் எலெக்ட்ரிக் தியேட்டரைக் கட்டினார் என்றால், அடுத்த வருஷமே நம்மவர் ரகுபதி வெங்கய்யா கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். 1951இல் புகாரி ஓட்டல் வந்தது. 1959இல் எல்.ஐ.சி. கட்டடம் பதினான்கு மாடி ஏறியது, வெளியூரிலிருந்து வந்தவர்கள் கழுத்தொடிய அண்ணாந்து பார்த்தார்கள். 1964இல் சஃபையர் வளாகம் வந்தது, ஒரே கட்டடத்தில் மூன்று திரை. அதில் புளூ டைமண்டில் ஒரு டிக்கெட் எடுத்தால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம், படம் திரும்பத் திரும்ப ஓடும். வெயிலுக்கு ஒதுங்குவதற்கென்றே டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு (நானும்தான், ஏ.சி. இலவசம்). துரைமார் போட்ட சாலையை நம் ஜனங்கள் நடந்தே தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

அந்த நடைதான் நின்றுபோனது. சினிமா விட்டால் கூட்டம் அப்படியே கடைகளின் முன்னால் நகரும், கையில் காசு இல்லாவிட்டாலும் கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டே போகும். வியாழக்கிழமை மாலை இந்தச் சாலையில் உள்ள தர்காவுக்கு எல்லா மதத்து ஆட்களும் வருவார்கள். மல்லிகைப்பூவும் ஊதுவத்தியும் மணக்கும். சிலைப் பக்கம் நடைபாதையில் பெல்ட், வாட்ச் வார், கறுப்புக் கண்ணாடி விற்பார்கள். கெயிட்டி, சஃபையர், ஆனந்த், சாந்தி ஒவ்வொன்றாக மூடின. ஃப்ளெக்ஸ் வந்து பேனர் வரைந்தவர்களின் கையைக் கட்டிப்போட்டது. தேவியும் கேசினோவும் இன்னும் ஓடுகின்றன, வாழ்க. பிறகு மெட்ரோ வேலைக்காகப் பல ஆண்டுகள் தகரத் தடுப்பு, ஒருவழிப்பாதை. வாசலுக்கு முன்னால் தகரம் நின்றால் எந்தக் கடைக்கு வாடிக்கையாளர் வருவார்? தடுப்பை எடுத்தபோது பலர் போர்டையும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஆனால் அதே மெட்ரோ 2019 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியதிலிருந்து ஒரு மாற்றம் தெரிகிறது. எல்.ஐ.சி. நிலையத்திலிருந்தும் அரசினர் தோட்ட நிலையத்திலிருந்தும் ஜனங்கள் காலால் நடந்து மேலே வருகிறார்கள். நடப்பவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள், நடப்பவர்களுக்கான முகப்புத்தான் இல்லை.

போன மாதம் ஒரு பழைய கடையில் பார்த்தேன். பெயர் வேண்டாம். புடைப்பெழுத்துள்ள நெற்றிப் பலகையின் மேலேயே துளை போட்டு, சட்டம் அடித்து, ஷீட் மாட்டிக்கொண்டிருந்தார்கள். முதலாளியிடம் கேட்டேன். “பெரியவரே, தேக்கு மாத்தினா எவ்வளவு ஆகும் தெரியுமா? இது ரெண்டு நாள்ல முடிஞ்சுடும்” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. மழைத் தண்ணீர் இறங்கி மரம் மக்கியிருந்தது. தமிழில் பெயர்ப் பலகை வைக்கச் சொல்லி வற்புறுத்துகிறார்கள், அதோடு இதையும் சேர்த்து முடித்துவிடலாம் என்றும் சொன்னார். தமிழ் போர்டு வேண்டும் என்பதில் என்னைவிட ஆசை யாருக்கு இருக்கும்? தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற அளவு எனக்கு மனப்பாடம். அந்த அளவில் எத்தனை எழுதியிருப்பேன்! அதற்காகக் கடையின் முகத்தையே மூட வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பழைய நெற்றிப் பலகையின் இடத்திலேயே, அதே அகலத்தில் தமிழை முதலில் எழுதலாம். இடம் போதாது என்பவர்கள் என்னை வந்து பார்க்கட்டும்.

பாதுகாப்புப் பட்டியல் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1897இல் டபிள்யூ.ஈ. ஸ்மித் மருந்துக் கம்பெனிக்காகக் கட்டிய பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கி, வழக்குப் போட்டு நிறுத்தினார்கள். 2010இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதற்கு முன்பே நீதியரசர் பத்மநாபன் குழு 467 கட்டடங்களைப் பட்டியலிட்டிருந்தது. 2012இல் மரபுச் சின்னங்களுக்கென்று ஆணையச் சட்டமும் வந்தது. அந்தப் பாரத் கட்டடமோ இடிபடவும் இல்லை, உயிர் பெறவும் இல்லை, சுவரில் செடி முளைத்து நிற்கிறது. பெரிய கட்டடத்துக்கே இந்தக் கதி என்றால் ஒரு கடை வாசலின் கண்ணாடிக்கும் மரச் சட்டத்துக்கும் எந்தப் பட்டியலில் இடம்?

நான் கேட்பது பெரிய செலவில்லை. அண்ணா சிலையிலிருந்து ஸ்பென்சர் வரைக்குமாவது பழைய கடை முகப்புகளை மாநகராட்சி தனியாகக் கணக்கெடுக்கட்டும், கீழ்த்தளத்தைச் சேர்த்துப் படமெடுத்து வைக்கட்டும். போர்டு மாற்ற அனுமதி கேட்டு வருகிறவரிடம், ஷீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். முகப்பைத் திறந்து வைத்துப் பழுது பார்ப்பவருக்குச் சொத்துவரியில் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்தால், தேக்குக்குப் பணம் இல்லை என்ற பேச்சு பாதி அடங்கிவிடும். ஏற்கெனவே ஷீட் மாட்டியவர்கள் பயப்பட வேண்டாம். பல இடங்களில் பழைய முகப்பு உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது. ஸ்க்ரூவைக் கழற்றினால் போதும்.

எழுதிக் கொடுக்க ஆள் இல்லை என்ற சாக்கு மட்டும் வேண்டாம். சிந்தாதிரிப்பேட்டையிலும் புதுப்பேட்டையிலும் என் வயதுக்காரர்கள் சிலர் இன்னும் இருக்கிறோம். எங்களால் சாரம் ஏற முடியாது. கீழே நாற்காலி போட்டால் உட்கார்ந்து பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். கூலி பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு பழைய போர்டு ஆர்டிஸ்ட்,
சிந்தாதிரிப்பேட்டை, சென்னை.