ஜீ.டீ.என். குளிசையைக் கடதாசி உறையில் கொடுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும்போது நாக்குக்கு அடியில் வைக்கும் ஜீ.டீ.என். (கிளிசரில் ட்ரைநைட்ரேட், அதாவது நைட்ரோகிளிசரின்) குளிசை இன்று மலையகத்தில் பல லயங்களில் இருக்கிறது. ஆனால் சில பாமசிகளில் போத்தலைத் திறந்து, பத்து இருபது என்று எண்ணி, கடதாசி உறையிலோ பொலித்தீன் பையிலோ போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். காய்ச்சல் குளிசைக்கு அது பரவாயில்லை. இதற்கு ஆகாது.

இதிலுள்ள 0.5 மில்லிகிராம் நைட்ரோகிளிசரின் தானாகவே ஆவியாகிப் போகும் பொருள். பிளாஸ்டிக்கும் பஞ்சும் அதை உறிஞ்சிவிடும். உறையில் கிடந்த குளிசை பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். மருந்துதான் குறைந்து போயிருக்கும். வந்த கண்ணாடிப் போத்தலிலேயே, பஞ்சு வைக்காமல், மூடியை இறுக்கி வைக்க வேண்டும். திறந்த திகதியை மேலே எழுதி, 8 வாரத்தில் புதிது வாங்க வேண்டும். 25 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடாது. நுவரெலியாக் குளிரில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள், போத்தல் அடுப்புக்கு மேல்தட்டில் இருக்கிறதா, உடம்போடு ஒட்டிய பையில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். நாக்கில் சுள்ளென்று எரிந்தால்தான் மருந்து நல்லது என்பதையும் நம்ப வேண்டாம்.

இரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஒக்சைட் என்ற வாயுவைத் தானே உண்டாக்குகிறது. சில விநாடிகளே நிலைக்கும் அந்த வாயு சுவரின் தசையைத் தளர்த்திக் குழாயை விரிக்கிறது, இரத்தம் கட்டுவதையும் தடுக்கிறது. புகையும் நீரிழிவும் உட்சுவரைக் கெடுத்தால் சுரப்பு குறையும். குளிசை அந்த வாயுவையே வெளியிலிருந்து கொடுக்கிறது. நாளங்கள் விரிந்து, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைவதால் அதன் வேலைப்பளுவும் இறங்குகிறது. இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. நைட்ரோகிளிசரினில் டைனமைட் செய்த அல்பிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் வைத்தியர்கள் அதை மருந்தாக எழுதிக் கொடுத்தார்கள் என்பது வேடிக்கை.

வலி வந்தால் முதலில் உட்கார வேண்டும். நின்றபடி வைத்தால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரும்; கொழுந்து மலைச் சரிவில் அது இன்னும் ஆபத்து. வெற்றிலையைத் துப்பி, வாயைத் தண்ணீரால் நனைத்து, ஒரு குளிசையை நாக்குக்கு அடியில் கரைய விட வேண்டும். விழுங்கினால் பெரும்பகுதியை ஈரல் அழித்துவிடும். தலைவலி வரலாம், அது குழாய் விரிவதால் வருவது, பயந்து மருந்தை நிறுத்த வேண்டாம். 5 நிமிடத்தில் வலி குறையாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து, தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும் சொல்லுங்கள். வாகனம் வரும்வரை 5 நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். தோட்டத்துப் பாதையில் வாகனம் ஏறி வர நேரமாகும் என்பதால் மூன்றும் தீரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆண்மைக் குறைவுக்குச் சில்டெனாபில் எடுத்தவர் 24 மணி நேரத்துக்கும், டடாலபில் எடுத்தவர் 48 மணி நேரத்துக்கும் இதைத் தொடவே கூடாது. வெட்கப்பட்டு மறைப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

நெஞ்சுவலி வராமல் இருக்கத் தினமும் விழுங்கும், இதே வகையைச் சேர்ந்த ஐசோசோர்பைட் மொனோநைட்ரேட் குளிசையில் வேறொரு சிக்கல். உறையில் 'பி.டி.' (நாளுக்கு இரு முறை) என்று எழுதியிருந்தால் காலையும் இரவும் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வகை மருந்து இரவு பகலாக உடம்பில் இருந்தால் உடம்பு பழகிப்போய், வேலை செய்யாது. ஒவ்வொரு நாளும் 10 முதல் 14 மணி நேரம் உடம்பில் மருந்து குறைந்திருக்கும்படி இடைவெளி விட வேண்டும். அதனால்தான் பெரும்பாலும் காலை 8 மணிக்கு ஒன்று, பிற்பகல் 3 மணிக்கு ஒன்று. 3 மணிக்கு மலையில் நிற்பவர் அதை வீட்டுக்கு வந்து இரவில் விழுங்குகிறார். இரவில் வலி வருபவருக்கு வைத்தியர் நேரத்தை மாற்றுவார், அது வேறு விடயம். மற்றவர்களின் உறையில் 'காலை 8, பிற்பகல் 3, மலைக்குக் கொண்டு போகவும்' என்று தமிழில் எழுதிக் கொடுக்க அரை நிமிடம் போதும்.

இப்படிக்கு,
மருந்தாளர்கள் இருவர்,
ஹட்டன்.