ஜி.எம். கவுண்டர் அரை ஆயுளைக் குறைத்துக் காட்டுவது குறித்த புகார்

அனுப்புநர்: பொறுப்பாளர், அணு இயற்பியல் ஆய்வகம்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கவுண்டர் பதியும் நேரத்தில் உள்ள பிழை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்களிடம் வாங்கிய, கதிரியக்கத்தை எண்ணும் ஜி.எம். (கெய்கர்-முல்லர்) கவுண்டரில் பேரியம்-137எம் ஐசோடோப்பின் அரை ஆயுளை (கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரத்தை) அளந்தால், எத்தனை முறை அளந்தாலும் 142 வினாடியை ஒட்டியே வருகிறது. வர வேண்டியது 153.

சீசியம் சிதைந்து இந்தப் பேரியம் உருவாகும் சீசியம்-137 ஜெனரேட்டரில், 0.04 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 0.9 சதவீத உப்பு கலந்த கரைசலை 2 மி.லி. செலுத்தி, வடிந்ததைச் சிறு தட்டில் பிடித்துக் கவுண்டர் குழாயின் ஜன்னலுக்கு நேர் கீழே வைத்தோம். தொடக்கத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 300 எண்ணிக்கை. ‘ஆட்டோ’வில் 10 வினாடி வீதம் 60 அளவீடுகள். அரை மணி நேரம் கழித்து, தட்டை அசைக்காமல் 10 நிமிடம் எண்ணி, அதைப் பின்னணியாகக் கழித்தோம். அதற்குள் பேரியம் மூவாயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. கரைசலோடு சீசியம் கசிந்து வந்திருந்தால் அதுவும் இந்தக் கழித்தலில் அடங்கிவிடும்.

‘டெட் டைம்தான் காரணம், தட்டைத் தள்ளி வையுங்கள்’ என்று உங்கள் பொறியாளர் பதில் எழுதியிருக்கிறார். இதை ஏற்க முடியாது. டெட் டைம் (ஒரு துகளை எண்ணியதும் அடுத்ததைக் குழாய் எண்ண முடியாத சிறு நேரம்) தொடக்கத்தில் வரும் பெரிய எண்ணிக்கைகளைத்தான் அதிகம் விழுங்கும். அதனால் வரைகோட்டின் சரிவு குறைந்து அரை ஆயுள் கூடும். எங்களுக்கு வருவதோ குறைவு. தட்டைத் தள்ளி வைத்தும் பார்த்தோம், அதே 142.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால், 16 நிமிடம் 40 வினாடியில் முடிய வேண்டிய 100 அளவீடுகள் முடிய 18 நிமிடம் ஆகிறது. ஒவ்வொரு அளவீடும் மெமரியில் ஏறும்போது திரை 0.8 வினாடி அப்படியே நின்றுவிடுகிறது. அந்த 0.8 வினாடி கணக்கிலேயே வருவதில்லை. பதிவில் தொடங்கும் நேரம் 0, 10, 20 என்று, அதற்கு முன் முடிந்த அளவீடுகளின் எண்ணிக்கையைப் பத்தால் பெருக்கிப் போடப்படுகிறது, அவ்வளவுதான். அறுபதாவது அளவீடு தொடங்குவது 637-வது வினாடியில். பதிவில் இருப்பதோ 590. 153-ஐ 1.08-ஆல் வகுத்தால் 142 வருவதைப் பாருங்கள். இடைவெளியை 20 வினாடியாக்கினால் 147, 30 ஆக்கினால் 149 கிடைக்கிறது. இடைவெளி கூடக்கூடப் பிழை சுருங்குகிறது. டெட் டைம் இப்படி நடந்துகொள்ளாது.

இதைச் சின்னப் பிழை என்று விட்டுவிட முடியாது. நியூட்ரான் பட்ட மாதிரியில் எந்த ஐசோடோப் இருக்கிறது என்பதை அரை ஆயுளை வைத்தும் அடையாளம் காண்கிறோம். வெள்ளி-108இன் அரை ஆயுள் சுமார் 143 வினாடி. பேரியத்தை வைத்தால் வெள்ளி என்று சொல்லும் கருவியை நம்பி மாணவர் எதை எழுதுவார்? 24.6 வினாடியே உள்ள வெள்ளி-110ஐ 5 வினாடி இடைவெளியில் அளந்தால் 21 என்றே வரும்.

ஒவ்வொரு அளவீடும் தொடங்கிய உண்மையான நேரத்தைக் கருவியின் கடிகாரத்திலிருந்தே பதியும்படி மென்பொருளைத் திருத்தித் தாருங்கள். முடியாவிட்டால் கருவியை மாற்றித் தாருங்கள். இதே மாடலை வாங்கிய மற்ற ஆய்வகங்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். எண்ணிக்கைகள் சரியாகவே இருப்பதால், பழைய பதிவுகளின் நேரப் பத்தியை 1.08-ஆல் பெருக்கி அவர்கள் மீட்டுக்கொள்ளலாம். 10 வினாடி இடைவெளிக்கு மட்டுமே இந்த எண் பொருந்தும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மூன்று இடைவெளிகளிலும் எடுத்த மூலப் பதிவுகளை இணைத்துள்ளோம். 15 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ஆய்வகப் பொறுப்பாளர்