நிரல்கள் சிதைந்த மெய்ப்பு: கூடுதல் கட்டணம் கேட்பது குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், புத்தக வடிவமைப்புப் பிரிவு

பொருள்: நிரலாக்கப் பாடநூலின் இறுதி மெய்ப்பில் (அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் படியில்) மூலநிரல்கள் மாறியிருப்பது

ஐயா / அம்மையீர்,

என் பாடநூலின் பக்க வடிவமைப்பைத் தங்களிடம் ஒப்படைத்திருந்தேன். உரைநடைப் பகுதி அழகாக வந்திருக்கிறது. ஆனால் நான் ஓட்டிச் சரிபார்த்துத் தந்த நிரல்களில் பல, மெய்ப்பில் உள்ளபடி அடித்தால் ஓடவே ஓடாது.

நேரான மேற்கோள்குறிகள் எல்லாம் வளைந்த குறிகளாகிவிட்டன. பைத்தான் நிரல்மொழி அவற்றை ஏற்காது, பிழை என்று நின்றுவிடும். கட்டளைகளில் வரும் இரட்டைக் கோடு ஒரே நீளக் கோடாகிவிட்டது. நீண்ட மாறிப் பெயர் ஒன்று வரி முடிவில் கோடு போட்டு உடைக்கப்பட்டிருக்கிறது. நிரலில் அந்தக் கோட்டுக்குக் கழித்தல் என்று பொருள். ஒற்றைப்படை, இரட்டைப்படை காணும் சி மொழி நிரலில் சதவீதக் குறிக்குப் பின்னால் இருந்தது முழுவதும் காணாமல் போயிருக்கிறது. பக்க வடிவமைப்பு மென்பொருளான லேடெக்கில் அந்தக் குறி வந்தால் வரியின் மிச்சம் குறிப்புரையாகக் கருதப்பட்டு விடுபடும் என்பது தங்கள் வடிவமைப்பாளர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது பைத்தான் நிரல்களில் வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளி. எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை அதுதான் சொல்லும். மடக்குக்குள், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள், இருக்க வேண்டிய ஒரு வரி இடது ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறது. இதற்குப் பிழைச்செய்திகூட வராது. நிரல் ஓடும், விடை மட்டும் தப்பாக வரும். புதிதாகக் கற்கும் மாணவர் புத்தகத்தைச் சந்தேகிக்க மாட்டார். தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொள்வார். யாருக்காக எழுதினேனோ அவரையே இது விரட்டிவிடும்.

இதைச் சுட்டிக்காட்டியபோது, 'தோற்றத்தில் சிறு வேறுபாடுதான், திருத்தினால் ஆசிரியர் திருத்தமாகக் கணக்கிட்டுக் கட்டணம் வரும்' என்று பதில் வந்தது. இதை நான் ஏற்கவில்லை. கோப்புகளில் நான் எதையும் மாற்றச் சொல்லவில்லை. கொடுத்ததை அப்படியே காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இது புதிய தொழில்நுட்பமும் இல்லை. உள்ளதை உள்ளபடி அச்சிடும் 'வெர்பாட்டிம்' வசதி 1980களிலிருந்தே லேடெக்கில் இருக்கிறது. லேடெக்கின் 'லிஸ்டிங்ஸ்' என்ற கூடுதல் தொகுப்பு நிரல் கோப்பை நேரடியாக உள்ளே எடுத்துக்கொள்ளும். யாரும் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டாம். மேற்கோள்குறி வளைவதைத் தடுக்க 'அப்கோட்' என்ற தொகுப்பு இருக்கிறது. அப்புறம், சில நிரல்களில் தமிழ்ச் சொற்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் தெரிகின்றன. தமிழ் உள்ள எழுத்துருவை அங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும்.

ஆகவே எல்லா நிரல்களையும் என் மூலக் கோப்புகளிலிருந்து நேரடியாகச் சேர்த்து, கட்டணமின்றிப் புதிய மெய்ப்பு அனுப்புங்கள். நீண்ட வரிகளை எங்கே உடைப்பது என்பதை என்னிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். புதிய மெய்ப்பில் உள்ள ஒவ்வொரு நிரலையும் நான் ஓட்டிப் பார்ப்பேன். அதுவரை அச்சுக்கு ஒப்புதல் தர இயலாது.

இப்படிக்கு,
நூலாசிரியர்