நம் ஊர் வெயிலும் நாம் மறந்த நேரக்கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைப்பூசம் முடிந்து பங்குனி பிறப்பதற்குள் பினாங்கில் கடைத்தெருவில் நின்றாலும் கோவில் வாசலில் நின்றாலும் முதலில் காதில் விழுவது "என்ன வெயில், தாங்க முடியவில்லை" என்ற பேச்சுதான். செப்டம்பர், அக்டோபர் வந்துவிட்டால் அதே வாய்கள் மழையைத் திட்டும். குளிர்நாட்டில் படிக்கும் பிள்ளைகள் அனுப்பும் பனிப்படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவோரும் நம்மிடையே உண்டு. நமக்கு வாய்த்த தட்பவெப்பம் அத்தனை பொல்லாதது அன்று; அதற்கேற்ப நாளை வகுத்துக்கொள்ளும் பழக்கத்தை நாம் கைவிட்டதால்தான் அது பகையாகத் தெரிகிறது என்பது என் கருத்து.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 5 பாகையில் இருக்கும் இத்தீவில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே முக்கால் மணி நேர வித்தியாசம்கூடக் கிடையாது. மேற்கே சுமத்ரா, தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தைத் தணித்து அனுப்புகிறது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், வடகிழக்குப் பருவமழையின் பெரும்பகுதியை மறித்துக்கொள்கிறது. டிசம்பரில் கிழக்குக் கரை மாநிலங்களான கிளந்தானும் திரங்கானுவும் வெள்ளத்தில் தத்தளிக்கும் நாள்களில் நாம் இங்கே பெரும்பாலும் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. 2017 நவம்பரில் உயிரையும் உடைமையையும் கொண்டுபோன வெள்ளத்தை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. அது நம் நினைவில் இவ்வளவு ஆழமாக நிற்பதற்குக் காரணமே, இங்கு அப்படி நடப்பது அரிது என்பதுதான்.

இந்த வெயிலோடு வாழத் தெரிந்தவர்களாக நம் தோட்டத்து முன்னோர் இருந்தார்கள். பால் மரம் வெட்டுவோர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்போர், இருட்டிலேயே எழுந்து பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு நின்றது கங்காணிக்குப் பயந்து மட்டுமன்று. விடியற்காலைக் குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் தாராளமாக வடியும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் ஓட்டம் குறைந்துவிடும். எனவே மரம் சொன்ன நேரத்துக்கு மனிதர்கள் எழுந்தார்கள், உச்சி வெயில் தணியும்வரை நிழலில் இருந்தார்கள், மாலையில் வாசலில் உட்கார்ந்து பேசினார்கள். அவர்களுக்கும் வானத்தின்மீது மனத்தாங்கல் உண்டு. விடியற்காலை மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால், பால் வெட்டிய கோட்டில் நிற்காமல் கண்டபடி வழிந்து வீணாகும். அன்று வெட்டு இல்லை, கூலியும் இல்லை. ஆனாலும் அதே மழைதான் கிணற்றையும் கொல்லைப்புறக் கீரைப் பாத்தியையும் காத்தது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நம் கடிகாரமும் இதில் ஒரு சின்ன வேடிக்கை செய்கிறது. 1982ஆம் ஆண்டு முதல் தீபகற்பத்தின் நேரம் அரைமணி முன்தள்ளப்பட்டதால், சூரியன் நமக்கு ஏழு மணிக்குப் பிறகே எழுகிறது. உச்சிக்கு வருவது ஒன்றேகால் மணியளவில். ஆகவே காலை எட்டு மணி என்பது இங்கு உண்மையில் அதிகாலையே. அந்த நேரத்தில் தாவரவியல் பூங்காவில் நடப்பவர்களிடம் வெயிலைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள்.

வீடுகளின் கதையும் இதுதான். ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளின் முன்புறக் கூரையிட்ட நடைபாதையான அஞ்சடி, வெயிலிலும் மழையிலும் வழிப்போக்கருக்குக் குடை. உள்முற்றம் சூடான காற்றை மேலே அனுப்பி வெளிச்சத்தைக் கீழே இறக்கும். இன்றோ கண்ணாடிச் சுவர் எழுப்பி, சன்னலை அடைத்து, குளிர்சாதனத்தைப் 18 பாகையில் வைத்துப் போர்வைக்குள் நடுங்குகிறோம். அதன் வெக்கையைப் பின்பக்கச் சந்தில் இருப்பவர்மீது கொட்டிவிட்டு, வெளியே வந்ததும் ஊரே கொதிக்கிறது என்கிறோம்.

இவ்வளவுக்கும் நாம் அந்தப் பழக்கத்தை அடியோடு தொலைத்துவிடவில்லை என்பதற்குத் தண்ணீர்மலை முருகன் கோவில் தைப்பூசமே சான்று. பினாங்கின் வறண்ட மாதங்களில்தான் அத்திருநாள் வருகிறது. காவடி எடுப்போர் பலர் விடியுமுன்னே புறப்பட்டுவிடுகிறார்கள். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் பானகமும் காத்திருக்கின்றன. வெறுங்காலோடு வருவோருக்காகத் தொண்டர்கள் வாளி வாளியாகத் தார்ச் சாலையில் நீர் ஊற்றுகிறார்கள். வெயிலைப் பழிக்காமல், அதன் கடுமையை ஒருவருக்கொருவர் குறைத்துக்கொடுக்கும் அந்தச் சில மணி நேரத்தில் தெரியும் மனநிறைவு, ஆண்டின் மற்ற நாள்களில் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நண்பகலில் கட்டுமானத் தளத்திலும் சாலையோரத்திலும் உழைப்பவரிடம் போய் இருப்பதைக் கொண்டு நிறைவடையுங்கள் என்று யாரும் உபதேசிக்கலாகாது. தொடர்ந்து மூன்று நாள்கள் அதிகபட்ச வெப்பம் 35 பாகையை எட்டினாலே வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கிறது. அந்நாள்களில் அவர்களுக்கு நிழலும் ஓய்வும் தருவது முதலாளியின் கடமை. 2015இல் நம்மை மூச்சுத் திணறவைத்த புகைமூட்டமும் இயற்கையின் பருவம் அன்று; காட்டையும் கரிநிலத்தையும் மனிதர் எரித்ததால் வந்தது. அதற்கு முணுமுணுப்பு போதாது, உரத்தே குரல் கொடுக்க வேண்டும்.

தோட்டங்களில் வாழ்ந்த முதியோர் பலர் தங்கள் வாசகர்களாக இருக்கிறார்கள். எந்தக் காற்றுக்கு எந்த மழை வரும், ரப்பர் மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் வீட்டுக் காரியங்களை எப்படி மாற்றிக்கொண்டார்கள், தகர வீட்டின் சூட்டை எதைக் கொண்டு தணித்தார்கள் என்பவற்றை அவர்களே எழுதும்படி தங்கள் ஞாயிறு பதிப்பில் ஒரு பகுதியை ஒதுக்கினால், இளம் குடும்பங்களுக்கு அது பெரிதும் பயன்படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.