பேச்சுக்கு முன்பே தெரியும் ஆட்டிசம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் பேச்சுத் தாமதம் குறித்துத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பிறரோடு பழகும், தொடர்புகொள்ளும் விதத்தைப் பாதிக்கும் வளர்ச்சி வேறுபாடாகிய ஆட்டிசத்தைப் பற்றி அச்சமூட்டாமல் எழுதியிருந்தது நன்று. ஆயினும் அதிலிருந்த இரண்டு கருத்துகளை அப்படியே விட்டுவிட முடியவில்லை. மூன்று வயது வரை பேச்சு வராவிட்டாலும் கவலை வேண்டாம் என்பது ஒன்று. தக்க சிகிச்சையால் ஆட்டிசத்தை முழுமையாகக் குணப்படுத்திவிடலாம் என்பது மற்றொன்று. முதலாவது பெற்றோரைச் சும்மா இருக்கச் செய்கிறது, இரண்டாவது அவர்களை ஊர் ஊராக அலைய வைக்கிறது. குழந்தை மிக விரைவாகக் கற்றுக்கொள்ளும் காலம் இரண்டிலுமே வீணாகிறது. பேச்சு, மொழிப் பயிற்சி அளிப்பவள் என்ற முறையில் சிலவற்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன்.

ஆட்டிசத்தின் முதல் தடயங்களைப் பேச்சில் தேடுவதே பிழை. பேச்சு வருவதற்கு முன்பே குழந்தைக்கும் மற்றவர்களுக்கும் இடையே சொல்லில்லாத கொடுக்கல் வாங்கல் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது; அங்கேதான் அவை தென்படும். ஒரு வயதைத் தாண்டும் குழந்தை வானில் ஒரு பறவையைக் கண்டால் விரலை நீட்டிக் காட்டும். அருகிலிருப்பவரும் அதைப் பார்க்கிறாரா என்று அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். மறுபடியும் பறவையைப் பார்க்கும். அந்தப் பறவை அதற்கு வேண்டும் என்பதில்லை, தான் கண்டதை இன்னொருவரும் காண வேண்டும், அவ்வளவுதான். பெரியவர் ‘பறவை’ என்று சொல்லும் அந்தக் கணத்தில் இருவர் கண்களும் ஒரே இடத்தில் இருப்பதால்தான் சொல்லும் பொருளும் குழந்தையின் மனத்தில் ஒன்றோடொன்று சேர்கின்றன. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரிடம் இந்தக் காட்டுதல் இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருக்கும். எட்டாத பொருள் வேண்டுமானால் பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் சென்று, அவர் முகத்தைப் பாராமலே, அவர் கையை அந்தப் பொருளின் மேல் வைப்பார்கள். ‘பிள்ளைக்கு எவ்வளவு சாமர்த்தியம்’ என்று வீட்டார் மகிழ்வதும் உண்டு. மகிழ்ச்சியில் தவறில்லை, வேண்டியதைக் கேட்க விரல் நீட்டுகிறதா, கண்டதைக் காட்ட விரல் நீட்டுகிறதா என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பெயர் சொல்லி அழைத்தால் 12 மாதத்திலும் திரும்பிப் பாராமை, 16 மாதத்திலும் ஒரு சொல்லும் வராமை, 24 மாதத்தில் தானாக இரண்டு சொற்களைச் சேர்க்காமை, எந்த வயதிலானாலும் வந்த சொற்கள் மறைந்துபோதல் ஆகியவை காத்திராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள். இவற்றோடு, பொம்மைக் காரை ஓட்டாமல் அதன் சக்கரத்தை மட்டும் நெடுநேரம் சுழற்றுவது, கேட்ட வாக்கியத்தையே பொருளின்றித் திருப்பிச் சொல்வது போலத் தோன்றுவது, மிக்சி ஓசைக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறுவது, வழக்கமான பாதை மாறினால் நிலைகுலைவது போன்றவையும் காணப்படலாம். ஓர் அறிகுறி மட்டும் இருப்பதால் ஆட்டிசம் என்று முடிவு கட்ட முடியாது. பெயருக்குத் திரும்பாத குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் சோதனை. ஆட்டிசத்தை உறுதி செய்யும் இரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ கிடையாது; பயிற்சி பெற்றவர் குழந்தையோடு விளையாடியும் பெற்றோரிடம் விரிவாகக் கேட்டும்தான் கண்டறிகிறார். அனுபவமுள்ளவர்களால் இரண்டு வயதிலேயே இதை நம்பகமாகச் செய்ய முடியும் என்னும்போது மூன்று வயது வரை காத்திருப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

இன்னொரு பக்கமும் உண்டு. சரளமாகப் பேசும் குழந்தைக்கும் ஆட்டிசம் இருக்கலாம். ரயில்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் அக்குழந்தையால் எதிரில் இருப்பவரின் சலிப்பை முகத்தில் படிக்க முடியாமல் போகலாம். பெண் குழந்தைகள் பலர் சுற்றியிருப்பவர்களைப் பார்த்து நடந்துகொள்ளப் பழகிவிடுவதால், வளர்ந்த பிறகே அவர்களது ஆட்டிசம் தெரியவருகிறது. பேச்சை மட்டும் அளவுகோலாக வைத்தால் இவர்கள் அனைவரும் விடுபட்டுப் போவார்கள்.

காரணம் பற்றிக் கட்டுரை சுருக்கமாகவே பேசியது. ஆனால் பெற்றோர் இரவில் உறக்கமின்றி யோசிப்பது அதைத்தான். குழந்தை மனநல மருத்துவர் லியோ கான்னர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், இது பிறவியிலேயே அமைந்தது என்று சொன்ன அதே கையோடு, அவர்களின் பெற்றோரில் உள்ளன்பு மிக்கவர்கள் மிகச் சிலரே என்றும் குறிப்பிட்டார். முன்னதை விட்டுவிட்டுப் பின்னதைப் பிடித்துக்கொண்ட மருத்துவ உலகம், அன்பற்ற தாய்தான் காரணம் என்று பல ஆண்டுகள் தாய்மார்களைக் குற்றவாளிகளாக்கியது. 1977-ல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து பிறந்த 11 இணைகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருக்களிலிருந்து பிறந்த 10 இணைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபணுக்களின் பங்கு பெரிது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் மேலும் உறுதிப்படுத்தின. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இதில் தொடர்புடையவை. பெற்றோரின் கூடிய வயது, குறைமாதப் பிறப்பு, கர்ப்ப காலத்தில் வலிப்புக்காக எடுக்கப்படும் வால்புரோயேட் மருந்து போன்றவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. எந்தத் தாயும் எதையோ செய்யாமல் விட்டதால் வருவதன்று இது.

தடுப்பூசி மீதான ஐயம் மட்டும் ஏன் சாகவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினர் ஒன்றரை வயதையொட்டிப் பேசிய சொற்களை இழக்கிறார்கள். தட்டம்மைத் தடுப்பூசி போடப்படுவதும் ஏறத்தாழ அதே பருவத்தில்தான். நேற்று ஊசி, அடுத்த மாதம் பேச்சில்லை என்றால், இரண்டையும் முடிச்சுப் போடும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல வேண்டியது, அந்தத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய பிரிட்டிஷ் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டைத்தான். வெறும் 12 குழந்தைகளை வைத்து அவர் 1998-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையை அவ்விதழ் 2010-ல் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அவர் மருத்துவப் பதிவையும் இழந்தார். டென்மார்க்கில் 6,50,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையே ஆட்டிசத்தில் வேறுபாடு காணப்படவில்லை. கைபேசித் திரை பேச்சு வளர்ச்சிக்குத் தேவையான உரையாடல் நேரத்தைத் தின்றுவிடும் என்பது உண்மை. அதனால் ஆட்டிசம் உண்டாகிறது என்று சொல்வது வேறு, அதற்குச் சான்றில்லை.

இனி சிகிச்சை. ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளை மாற்றும் மருந்து எதுவும் இல்லை. ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் ஆகிய மருந்துகள் கடும் எரிச்சலையும் தன்னைத்தானே தாக்கிக்கொள்வதையும் தணிக்கத் தரப்படுகின்றன. பேச்சை வரவழைக்க அல்ல. உடலிலிருந்து உலோகங்களை வெளியேற்றுவதாகச் சொல்லும் கீலேஷன், அழுத்த அறையில் உயிர்வாயு, ஸ்டெம் செல் ஊசி ஆகியவற்றுக்கு ஆட்டிசத்தில் நிரூபிக்கப்பட்ட பலன் இல்லை. கீலேஷன் செய்யப்பட்ட ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் 2005-ல் அமெரிக்காவில் இறந்தே போனான்.

பலன் தருவது மெதுவான வேலை: பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புக் கல்வி, இவற்றோடு பெற்றோருக்கான பயிற்சி. கடைசியில் சொன்னதற்கே நான் முதலிடம் தருவேன். பிரிட்டனில் பேக்ட் என்ற பெயரில் நடந்த ஆய்வில், பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதைப் படமெடுத்து அவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். குழந்தை விடுக்கும் சிறு அழைப்பு எங்கே தவறிப்போகிறது, எங்கே காத்திருந்தால் அது மீண்டும் வரும் என்று கற்பித்தார்கள். பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோதும் அக்குழந்தைகளிடம் அறிகுறிகளின் கடுமை ஒப்பீட்டளவில் குறைந்திருந்ததை 2016-ல் வெளியிட்டார்கள். பேசாத குழந்தைக்குப் பட அட்டையோ பேசும் டேப்லெட்டோ கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடும் என்ற அச்சமும் பரவலாக உள்ளது. அவை பேச்சைத் தடுப்பதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. வயிற்றுவலியைச் சொல்ல வழி கிடைத்தால் தலையைச் சுவரில் மோதுவது குறையும் குழந்தைகளும் உண்டு. கண்ணைப் பார்த்துப் பேசும்படி வற்புறுத்துவது, கைகளை அசைக்கவிடாமல் தடுப்பது போன்றவற்றை நான் பயிற்சி என்று கொள்வதில்லை. அவை தங்களுக்கு எவ்வளவு வேதனை தந்தன என்று ஆட்டிசத்துடன் வளர்ந்த பெரியவர்கள் பலர் சொல்லிவிட்டார்கள்.

தங்கள் கட்டுரையில் வந்த மூன்று வயது என்ற வரம்புக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். முழு குணம் தருவதாகச் சொல்லும் மையங்களின் விளம்பரம் தங்களிடம் வந்தால், எத்தனை குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது, அந்த முறை தரப்படாத குழந்தைகளோடு ஒப்பிடப்பட்டதா, முடிவு எந்த ஆய்விதழில் வெளியானது என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் பெற்ற பின்னரே அச்சிடுவது என்ற முடிவைத் தங்கள் நாளிதழ் எடுக்கலாம்.

இப்படிக்கு,
பேச்சு, மொழிப் பயிற்சியாளர் ஒருவர்