சனிக்கிழமைக் கூலியும் அஞ்சாம் தேதி டியூவும்: சேலத்துப் பட்டறை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பள்ளப்பட்டி கொலுசுப் பட்டறைக்காரர்களுக்கும், அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை தறிக்காரர்களுக்கும்,

வணக்கம்.

உங்களிடம் வேலை பார்க்கும் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளின் கடன் கணக்கை உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறவர்கள் நாங்கள். கூலியை ஏற்றிக் கொடுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. அது வேறு பேச்சு. இப்போது கொடுக்கிற கூலியையே எந்த நாளில், எந்த வழியில் கொடுக்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

“கடன் வாங்கிச் செலவு பண்ணது அவன், அதுக்கு நாங்க என்ன செய்யறது?” என்பீர்கள். வாங்கியது அவன்தான். ஆனால் வாங்கிய பணத்துக்கு மேல் அவன் கையைவிட்டுப் போவதில் ஒரு பகுதி வட்டியே கிடையாது. தேதி ஒத்துவராததற்குக் கட்டும் தண்டம். அந்தத் தேதியில் பாதி உங்கள் கையில் இருக்கிறது.

ஒரு மாதிரிப் பாஸ்புக்கைப் பார்ப்போம். தவணைக்கு வாங்கிய போனுக்கு டியூ மாதம் 1,850 ரூபாய். 5ஆம் தேதி கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பார்கள். கூலி சனிக்கிழமை ராத்திரி ரொக்கமாகக் கைக்கு வருகிறது. கணக்கில் கிடப்பது 212 ரூபாய். 5ஆம் தேதி காலை பணம் போதாமல் டியூ திரும்புகிறது. திரும்பியதற்கு வங்கி போடும் கட்டணம் பல இடங்களில் 500 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, ஆக 590. இருந்த 212ஐ எடுத்துக்கொண்டு மீதி 378ஐ வங்கி பாக்கி எழுதுகிறது. பையனுக்கு இது தெரியாது. குறுஞ்செய்தி இங்கிலீஷில் வந்து கிடக்கும். சனிக்கிழமை கூலி வாங்கியதும் பணம் போடும் மிஷினில் 1,900 ரூபாயைப் போட்டுவிட்டு, டியூ முடிந்தது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறான். வங்கி முதலில் தன் 378ஐ எடுக்கிறது. மிச்சம் 1,522. கடன் கம்பெனி 10ஆம் தேதி மறுபடி பிடிக்க வருகிறது, 1,850 இல்லை, திரும்புகிறது, இன்னொரு 590. கணக்கில் நிற்பது 932. ஆக 2,112 ரூபாயில் 1,180 போயாயிற்று, டியூ அப்படியே நிற்கிறது. கடன் கம்பெனி தன் பங்குக்குத் தனியாகத் தாமதக் கட்டணம் போடும். அது இந்தக் கணக்கில் சேரவில்லை.

இதில் இன்னொரு சிக்கல். 2021 ஆகஸ்ட் 1 முதல் இந்தப் பிடித்தம் ஞாயிறு, விடுமுறை என்று பார்க்காமல் எல்லா நாளும் நடக்கிறது. வங்கிக் கிளையோ ஞாயிறும் இரண்டாம், நான்காம் சனிக்கிழமையும் பூட்டிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை 5ஆம் தேதி வந்தால், சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கூலி வாங்கியவன் ஓடிப்போய் நிற்க மிஷின் ஒன்றுதான். அது கசங்கிய நோட்டைத் துப்பும்.

நீங்கள் செய்யக்கூடியது சின்ன வேலை. சனிக்கிழமைக் கூலியில் 500 ரூபாயை மட்டும் அவன் கணக்குக்குப் போனிலேயே அனுப்பிவிட்டு, மீதியைக் கையில் கொடுங்கள். நான்கு வாரத்தில் 2,000 சேரும்; 1,850 டியூ போக 150 தங்கும். ஆண்டில் நான்கு மாதமாவது ஐந்து சனிக்கிழமை வரும். அந்த மாதங்களில் 500 கூடுதலாக நிற்கும். ஒருமுறை கூலி தவறினாலும் டியூ திரும்பாமல் காப்பது இந்தத் தங்கல்தான். ஏற்கெனவே திரும்பிய கணக்காக இருந்தால் முதலில் பாஸ்புக் பதிந்து, வங்கிப் பாக்கி எவ்வளவு என்று கிளையில் கேட்டு, அதையும் சேர்த்துப் போட வேண்டும். டியூ பிடிக்கும் கணக்கில் ஜிபே, போன்பே எதையும் இணைக்காமல் இருப்பது நல்லது. டீக்கடையில் போகிற பத்தும் இருபதும்தான் கடைசி நாளில் குறைகிறது. டியூவை வேறு கணக்குக்கு மாற்றினால், புது ஒப்புதல் பதிவாகச் சில நாள் ஆகும். அந்த ஒரு மாதம் பழைய கணக்கிலும் பணம் வைத்திருக்க வேண்டும். இதை மறந்துவிட்டுத்தான் பலர் மாற்றிய மாதமே மாட்டிக்கொள்கிறார்கள்.

மாதச் சம்பளம் கொடுப்பவர்களுக்கு: அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்தால் சட்டப்படி சரி. ஆனால் டியூ 5ஆம் தேதி. ஒன்று, சம்பளத்தை 3ஆம் தேதிக்கு இழுங்கள். இல்லையென்றால் டியூ தேதியை 10க்கு மாற்றிக் கேட்க அவனுக்கு ஒரு சம்பளச் சீட்டு எழுதிக் கொடுங்கள். சில கம்பெனிகள் மாற்றித் தரும்.

அடுத்து தண்டல். உங்கள் பட்டறை வாசலுக்கே வருகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள்: நூறு கட்டம் போட்ட அட்டை, கட்டத்துக்கு ஒரு கையெழுத்து. பத்தாயிரம் என்று எழுதி 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள். தினம் 100 வீதம் நூறு நாள். “நூத்துக்குப் பதினஞ்சுதானே” என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், கணக்குப் போட்டால் மாதத்துக்கு ஏறக்குறைய பத்து பைசா வட்டி. ஆண்டுக்கு 120 விழுக்காடு.

தண்டலை முன்கூட்டி அடைக்கக் கூடாது. தீபாவளி போனஸ் வந்ததும் முதல் வேலையாக அட்டையை முடிக்க ஓடுகிறான். வட்டியை அவர்கள் முதல் நாளே பிடித்தாயிற்று. முன்னால் கட்டினால் ஒரு ரூபாய் குறையாது. அந்தப் பணம் வேறு இடத்தில் வட்டியைக் குறைத்திருக்கும். தண்டலில் பணம் போவது மறு அட்டையில்தான். முப்பது கட்டம் மிச்சம் இருக்கும்போது, “புது அட்டை போட்டுக்கிறியா தம்பி” என்பார்கள். புதுப் பத்தாயிரத்தில் 1,500 வட்டி, பழைய பாக்கி 3,000 இரண்டும் போக, கையில் வருவது 5,500. அந்த 3,000க்கு வட்டியைப் பழைய அட்டையிலேயே கட்டியாயிற்று; இப்போது அதற்கே மறுபடியும் கட்டுகிறான். பழைய அட்டை நூறு கட்டமும் முடிகிற வரை புது அட்டைக்குக் கை நீட்டாதே என்று பட்டறையில் வைத்துச் சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் கேட்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், போய் வாங்கிவிடுகிறார்கள். நீங்கள் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாம் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுக் கந்து வட்டித் தடைச் சட்டத்தில் பெயர் சொல்லியே வருகின்றன. மிரட்டல் வந்தால் காவல் நிலையம் போகலாம்; திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாளில் மனுவும் கொடுக்கலாம்.

கையில் கூடுதலாக ஆயிரம் கிடைத்தால் எதில் போடுவது? வட்டி தினமும் ஓடுகிற கடனில். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால், பல கார்டுகளில் மாதம் மூன்றரை விழுக்காடு ஓடும்; புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாள் கிடையாது. ஐந்து பைசா வட்டிக்கு வாங்கிய கைமாற்று அதைவிட மோசம், அதுதான் முதலில். வட்டியில்லா டியூவில் எடுத்த போனை முன்கூட்டி முடித்தால் மிச்சம் ஒன்றும் இல்லை. முடிப்புக் கட்டணம் வேறு கேட்கலாம். அதைத் தேதி தவறாமல் போக விட்டுவிடலாம். மாமன் மச்சானிடம் வட்டியில்லாமல் வாங்கியது கணக்கில் கடைசிதான், ஆனாலும் மாதம் 300ஆவது கொடுத்துவர வேண்டும். இல்லாவிட்டால் ஆடிப் பண்டிகைக்கு கோட்டை மாரியம்மன் கோவிலில் எதிரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டிவரும்.

அடகில் இருக்கும் நகைக்கு நீங்கள் ஒரே நாளில் பெரிய உதவி செய்யலாம். 40,000க்கு அடகுக்கடையில் மூன்று பைசா வட்டி என்றால் மாதம் 1,200. அதே நகை வங்கியில், ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், மாதம் 333. மாதா மாதம் 867 ரூபாய் வித்தியாசம் தெரிந்தும் ஏன் மாற்றவில்லை? மீட்க முதலில் ரொக்கம் 40,000 வேண்டும், அது அவனிடம் இல்லை. காலையில் நீங்கள் அந்தத் தொகையைக் கைமாற்றாகக் கொடுத்தால், பத்து மணிக்கு நகையை மீட்டு, பதினொன்றுக்கு வங்கியில் வைத்து, சாயங்காலம் உங்கள் பணம் உங்களிடம் வந்துவிடும். நம்பிக்கை இல்லையென்றால் கூடவே ஒரு ஆளை அனுப்புங்கள்.

கவனிக்க வேண்டியது சில உண்டு. நகை மதிப்பீட்டாளர் அன்றைக்கு இருக்கிறாரா என்று முதல் நாளே கிளையில் கேட்டுக்கொள்ள வேண்டும். ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவரும் கூட வர வேண்டும். அம்மா பெயரில் வைத்த நகையைப் பையன் மட்டும் போய் மீட்க முடியாது. பல கடைகளில் மாதம் ஒரு நாள் தாண்டினாலும் முழு மாத வட்டி, ஆகவே அந்தத் தேதிக்கு முன்பே மீட்க வேண்டும். மீட்டதும் கடையிலேயே எடை போட்டு ரசீதில் உள்ள எடையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். வங்கியில் வைத்த பிறகு, ஆண்டு முடிவில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் 4,000 வட்டி ஒரே நாளில் நிற்கும். மாதம் 350 கட்டிவந்தால் பாரம் தெரியாது.

இதற்கெல்லாம் வேலை நாளில் அரை நாள் வேண்டும். அந்த அரை நாள் கூலியைப் பிடிக்காதீர்கள் என்று கேட்கிறோம்.

இப்போது உங்கள் சொந்தக் கடனுக்கு வருகிறோம்: முன்பணம். 20,000 கொடுக்கிறீர்கள், நல்ல மனதோடுதான். ஆனால் வாரா வாரம் பிடிக்காமல் விட்டு, தீபாவளி போனஸில் மொத்தமாகக் கழிப்பது சில இடங்களில் வழக்கமாக இருக்கிறது. போனஸ் இல்லாமல் தீபாவளிக்குத் துணி எடுக்க அவன் தண்டல்காரரிடம் போகிறான். அல்லது உங்களிடமே மறுபடி முன்பணம் கேட்கிறான். வாரக் கூலி 4,000 என்றால் 400 பிடியுங்கள். 50 வாரத்தில் முடியும். ஒரே கணக்கை இரண்டு நோட்டில் எழுதி, ஒன்றை அவனிடம் கொடுங்கள். வேலை குறைந்த வாரத்தில் பிடித்தத்தையும் குறையுங்கள். எல்லாப் பிடித்தமும் சேர்த்துக் கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். முன்பணத்தைக் காட்டி, வேறு பட்டறைக்குப் போகக் கூடாது என்று தடுத்தால் அது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் புரோநோட்டு எதையாவது பெட்டியில் வைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

வெளியாட்களிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். பாதிப் பணம் கொடுத்தால் அதே தாளின் பின்பக்கம் தேதியோடு வரவு எழுதி வாங்க வேண்டும். முழுதும் அடைத்தால் தாளையே கையில் வாங்க வேண்டும். ரொக்கமாகக் கொடுப்பதைவிடப் போனில் அனுப்பினால் தடம் இருக்கும்.

வசூல் ஆட்கள் பட்டறைக்குப் போன் போடுவதும் உங்களுக்குத் தெரியும். ரிசர்வ் வங்கி விதிப்படி காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அவர்கள் கூப்பிடக் கூடாது. கடன் வாங்கியவனின் முதலாளியிடமும் கூட வேலை செய்கிறவர்களிடமும் சொல்லி அவமானப்படுத்தவும் கூடாது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அப்படி ஒரு போன் வந்தால் பையனை எல்லார் முன்னாலும் கூப்பிட்டு விசாரிக்காமல், வந்த எண்ணையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி அவனிடம் கொடுங்கள். அந்தத் தாள் புகாருக்கு உதவும். கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். 14448 எண்ணில் விவரம் கேட்கலாம். ஏழு நாளில் திருப்பக் கேட்கும் போன் ஆப்பில் கடன் கொடுத்தவன், பையனின் படத்தைத் திரித்து மற்றவர்களுக்கு அனுப்பி மிரட்டினால், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிட வேண்டும். அந்தக் கடனை அடைக்க இன்னொரு ஆப்பில் வாங்குவதுதான் நாங்கள் பார்க்கும் மிகப் பெரிய தவறு.

கடன் முடிந்த அன்றே வேலை முடியாது. நிலுவை இல்லைச் சான்று வாங்க வேண்டும், தானியங்கிப் பிடித்தத்தை ரத்து செய்ய வேண்டும், இரண்டு மாதம் கழித்து, வாங்கிய கடன்களின் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘முடிந்தது’ என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். தவறாக இருந்தால் புகார் கொடுத்த 30 நாளில் திருத்த வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பாதிப் பணத்துக்கு ‘செட்டில்மென்ட்’ பேசி முடித்தால் அறிக்கையில் அப்படியே பதிவாகும். நாளைக்கு அவன் சொந்தமாகத் தறி போடக் கடன் கேட்கும்போது அது எதிரில் வந்து நிற்கும்.

வருகிற சனிக்கிழமை கூலி போடும்போது ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: டியூ எத்தனாம் தேதி, எந்த வங்கிக் கணக்கு? பதிலைக் கூலி நோட்டில் அவன் பெயருக்குப் பக்கத்திலேயே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். டியூ முடிந்ததும் அழிக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறைப் பிள்ளைகளுக்குக் கடன் கணக்கு எழுதிக் கொடுக்கிறவர்கள்,
சேலம்.